கொங்கு நாட்டில் அமைதியான சிறிய ஊரில் இரண்டு நாள் தங்க வேண்டும்: எந்த ஊர், எந்தப் பருவம்?

சென்னை வாசகி

அனைவருக்கும் வணக்கம். வரும் கார்த்திகையில் என் அப்பாவையும், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகனையும் அழைத்துக்கொண்டு கொங்கு நாட்டுச் சிறிய ஊர் ஒன்றில் இரண்டு நாள் தங்க விரும்புகிறேன். ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்கள் வேண்டாம். கேளிக்கைப் பூங்காவும் வேண்டாம். காலையில் எழுந்து கடைவீதி வரை நடந்து தேநீர் குடித்துவிட்டு, ஊர் மக்கள் தங்கள் வேலையைப் பார்ப்பதை நாங்களும் உடனிருந்து பார்க்கக்கூடிய ஊராக இருக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் அதிகம் படியேற முடியாது. மகனுக்குப் பழைய வரலாற்றில் ஈடுபாடு உண்டு. தேடிப் பார்த்தவரையில் ஒரே நாளில் எட்டு இடங்களைக் காட்டி முடிக்கும் பயணத் திட்டங்களே கிடைக்கின்றன. அப்பகுதியில் வாழ்பவர்கள் எந்த ஊரைச் சொல்வீர்கள்? எதைப் பார்க்க வேண்டும் என்பதோடு எதை விட்டுவிடலாம் என்பதையும் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

சென்னிமலை நெசவாளர் மகன்

வணக்கம் அக்கா. சொந்த ஊர் என்ற பற்று எனக்கு இருந்தாலும், நீங்கள் கேட்டதற்குச் சென்னிமலை பொருந்தும் என்றே நினைக்கிறேன். ஈரோட்டிலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில், பெருந்துறையிலிருந்து காங்கயம் செல்லும் சாலையில் உள்ள பேரூராட்சி இது. ஊரை ஒட்டிய மலையின் மேல் முருகன் கோயில் இருக்கிறது. படி வழியில் சென்றால் 1,320 படிகள் ஏற வேண்டும். ஆனால் வண்டிப் பாதையும் இருப்பதால் அப்பாவைக் காரிலேயே மேலே அழைத்துச் சென்றுவிடலாம். சுவாமியின் அபிஷேகத்துக்கான தீர்த்தத்தைக் காளைகள் படி வழியாகவே சுமந்து செல்லும் வழக்கம் இங்கே உண்டு. உங்கள் மகன் காலையில் படியேறினால் அதைப் பார்க்கலாம். கோயிலுக்குப் பின்னால் இன்னும் மேலே ஏறினால் வள்ளி தெய்வானை சன்னிதியும், அதற்கும் மேலே பின்னாக்குச் சித்தர் குகையும் உள்ளன. செவ்வாய்க்கிழமை, கிருத்திகை, சஷ்டி ஆகிய நாள்களில் கூட்டம் மிகுதியாக இருக்கும் என்பதால் அந்த நாள்களைத் தவிர்த்துவிடுங்கள்.

ஆனால் மலையைக் காட்டிலும் ஊருக்குள் இருக்கும் தெருக்களைப் பார்க்கவே உங்களை அழைக்கிறேன். சென்னிமலைப் போர்வை என்றால் தமிழ்நாடு முழுவதும் தெரியும். அந்தப் போர்வை எப்படி உருவாகிறது என்பதைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. சாயமிட்ட நூல் வந்து, பாவு (நீளவாட்டு இழை) ஓடி, தறியில் ஏறி, தாரில் (சிறு நூற்குழலில்) சுற்றிய ஊடை (குறுக்கிழை) நாடாவுக்குள் (இழையைக் குறுக்கே கொண்டுசெல்லும் ஓடத்துக்குள்) போய், போர்வையாக மடிக்கப்படும் வரை எத்தனையோ கைகள் மாறுகின்றன. தார் சுற்றும் வேலையைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் முதியவர்களும் செய்கிறார்கள். கைத்தறியில் நெய்பவர் மிதியை மிதித்து, நாடாவை இழுத்து, பலகையை அடிக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் நடுவே சிறு இடைவெளி விழும். இழை அறுந்தால் ஓசை நிற்கும். முடிச்சுப் போட்ட பிறகு மீண்டும் தொடங்கும். விசைத்தறியோ இடைவெளியே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஒரே தெருவில் இரண்டையும் கேட்கலாம். ஆகவே நீங்கள் தேடும் அமைதி ஓசையே இல்லாத அமைதி என்றால், எங்கள் ஊர் அதற்கு ஏற்றதல்ல என்பதை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்.

1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் போர்வை, ஜமக்காளம் முதலிய 11 வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்று ஒதுக்கியிருக்கிறது. சட்டம் இருந்தும் கைத்தறிகள் ஏன் குறைந்துவருகின்றன என்பதை எந்தத் தறிக்கூடத்தில் கேட்டாலும் சொல்வார்கள். கூலி, நூல் விலை, விசைத்தறிப் போட்டி, பிள்ளைகள் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விடுவது என்று அந்தப் பேச்சு நீளும். உங்கள் மகனுக்கு வரலாறு பிடிக்கும் என்றால் இதுவும் வரலாறுதான். கொடிகாத்த குமரன் 1904ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் பிறந்தது இதே ஊரில், நெசவாளர் குடும்பத்தில். திருப்பூரில் கையில் கொடியோடு தடியடிபட்டு 1932 ஜனவரி 11 அன்று உயிர்நீத்தவர் அவர். அவரைத் திருப்பூர் குமரன் என்றே நாடு அறிந்திருப்பதில் எங்களுக்கு வருத்தமில்லை. ஆனால் இங்கே வருகிறவர்கள் அவர் எந்தத் தெருக்களில் வளர்ந்தார் என்பதையும் அறிந்து செல்ல வேண்டும் என்று விரும்புகிறோம்.

தமிழாசிரியர் (ஓய்வு)

தம்பி எழுதியது சிறப்பாக இருக்கிறது. எனினும் வரலாற்றில் ஈடுபாடுள்ள மாணவனை அழைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வருகிறவர்கள் சென்னிமலையோடு நின்றுவிடுவது சரியாகாது. அங்கிருந்து மேற்கே ஏறத்தாழ 15 கி.மீ. சென்றால், நொய்யலின் வடகரையில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் ‘கொடுமணம்’ என்று குறிப்பிடும் ஊர் இதுவே என்று அறிஞர்கள் கொள்கின்றனர். 1985ஆம் ஆண்டு முதல் பல கட்டங்களாக நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகள், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள், பச்சைக்கல், படிகம், சூதுபவளம் ஆகியவற்றால் செய்த மணிகள், மணி செய்யும்போது கழிந்த கற்சில்லுகள் எனப் பலவும் கிடைத்தன. சேரரின் கருவூரிலிருந்து மேலைக் கடற்கரை முசிறிக்குச் சென்ற பெருவழியில் இந்த ஊர் இருந்தது.

கிழக்கே அறச்சலூர் நாகமலையில் இசை எழுத்துகள் பொறித்த பழைய கல்வெட்டு இருக்கிறது. தமிழகத்தின் தொன்மையான இசைக் கல்வெட்டுகளில் ஒன்று அது. வடக்கே விசயமங்கலத்தில் பழைய சமணக் கோயில் இருக்கிறது. பெருங்கதை இயற்றிய கொங்குவேளிரை அந்த ஊரோடு தொடர்புபடுத்திச் சொல்வது வழக்கம். காலையில் புறப்பட்டால் இம்மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் சென்னிமலைக்குத் திரும்பிவிடலாம். பதினைந்து வயதுப் பிள்ளை தன் மண்ணில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இருந்த தொழிற்கூடத்தின் மீது நின்று பார்க்கும் வாய்ப்பை இழக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சென்னிமலை நெசவாளர் மகன்

ஐயா, கொடுமணலுக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே என்ன கண்ணுக்குத் தெரியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அகழ்ந்த குழிகளை ஆய்வு முடிந்ததும் மூடிவிடுவது வழக்கம். கிடைத்த பொருள்கள் அருங்காட்சியகங்களுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் சென்றுவிடுகின்றன. போகிறவர் கண்ணுக்கு அது செம்மண்ணும் வேலமரங்களும் ஈமக்காட்டின் நெடுங்கல்லும் கல்வட்டங்களும் உள்ள வெளியாகவே தெரியும். படித்துவிட்டுப் போகிறவனுக்கு அது பெரிய இடம். கார் நிறுத்திப் படம் எடுத்துவிட்டு அறச்சலூருக்கு விரைகிறவனுக்கு அங்கே ஒன்றுமே இருக்காது. மூன்று ஊர்களை ஒரு நாளில் இணைத்தால், அக்கா தவிர்க்க நினைக்கும் அதே எட்டு இடப் பயணத்தைச் சுருக்கிக் கொடுத்ததாகிவிடும். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து அங்கே அரை நாள் நடக்கச் சொல்லுங்கள். நாகமலைக் கல்வெட்டுக்கு மலையேற வேண்டும் என்பதையும் அவருடைய அப்பாவுக்காக நினைவூட்டுகிறேன்.

காங்கயம் வட்டத்து விவசாயி

அம்மணி, வணக்கம். ஆசிரியர் ஐயாவும் தம்பியும் கோயிலையும் கல்லையும் தறியையும் சொன்னார்கள். சென்னிமலையிலிருந்து தெற்கே காங்கயம், வெள்ளகோவில், மூலனூர் பக்கம் வரும் வழியில் சாலையின் இருபுறமும் தெரியும் நிலத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பார்க்கிறவர்கள் அதைத் தரிசு என்று எண்ணிக் கடந்துபோகிறார்கள். அது கொறங்காடு. எங்கள் முன்னோர் வகுத்து வைத்த மேய்ச்சல் நிலம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கும் பகுதி இது. ஆடி மாதத்தில் காற்று அடிக்கும் அளவுக்கு மழை வருவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொடுப்பதை வைத்துத்தான் ஆண்டை ஓட்டுகிறோம். பயிரை மட்டும் நம்பினால் பிழைக்க முடியாத மண்ணில், காட்டைச் சுற்றி முள்கிளுவையை நெருக்கமாக நட்டு உயிர்வேலி போட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லை வளரவிட்டு, ஆங்காங்கே வெள்வேல மரங்களை நிற்க விட்டார்கள். புல் மாட்டுக்கு. வேல மரத்தின் நிழலும் காயும் கோடையில் ஆட்டுக்கும் மாட்டுக்கும். வேலியும் கடவும் (நுழைவழியும்) இருப்பதால், காலையில் கால்நடையை உள்ளே விட்டு, கடவை அடைக்கும் படலைச் சாத்திவிட்டால், மேய்ப்பதற்கு என்று ஆள் நிற்க வேண்டியதில்லை. ஒரு காட்டில் புல் தீரும்போது அடுத்த காட்டுக்கு மாற்றி, முதல் காட்டைத் தேறவிடுவோம். காங்கயம் மாடு இந்தப் புல்லில் வளர்ந்த மாடு. கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஆறு மாதம் ஆகும்போது நிறம் மாறத் தொடங்கும். காளை வளர வளரத் திமிலும் கழுத்தும் கருக்கும். மயிலை, காரி, செவலை என்று நிறத்தைக் கொண்டே பெயர் சொல்லி அழைப்போம்.

இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கொறங்காடுகள் மனைகளாகவும் ஆலைகளாகவும் காற்றாலை, சூரிய மின்னுற்பத்தி நிலங்களாகவும் மாறிவருகின்றன. உழவுக்கும் ஏற்றத்துக்கும் மாடு வேண்டாம் என்றான பிறகு மாடு குறைந்தது. மாடு குறைந்ததும் புல்லுக்கு மதிப்பில்லாமல் போயிற்று. கிளுவை வேலியைப் பிடுங்கிக் கம்பி வேலி போடும்போது, அந்த வேலியில் வாழ்ந்த ஓணான், கீரி, கௌதாரி எல்லாம் போய்விடுகின்றன. சல்லிக்கட்டுக்காக 2017இல் நடந்த போராட்டத்தின்போது காங்கயம் காளையின் படம் எல்லாக் கைகளிலும் இருந்தது. அந்தக் காளை தின்னும் புல்லைப் பற்றி அன்று பேசியவர்கள் வெகு சிலரே. உங்கள் மகன் இதைப் பார்த்துச் சென்றால், தன் வகுப்பில் நான்கு பிள்ளைகளிடம் சொல்வான் என்று நம்புகிறேன்.

கார்த்திகையில் வருவது மிகச் சரி. மழை பெய்திருந்தால் கொறங்காடு பச்சையாக இருக்கும். சித்திரை, வைகாசியில் வந்தால் வெயில் தாளாது. ஒன்று மட்டும் கவனிக்கவும். வேலிக்குள் நுழையும் முன்பு தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) யாராவது இருந்தால் கேட்டுவிட்டுப் போங்கள், படலைத் திறந்தால் மறக்காமல் மூடுங்கள். திறந்து கிடக்கும் படலால் ஆடுகள் சாலைக்கு வந்து அடிபடுகின்றன.

பெருந்துறை வாசி

எல்லாரும் நல்லவற்றைச் சொல்கிறீர்கள். கொடுமணலுக்குப் போகிறவர்களின் கண்ணில் நொய்யல் படாமல் இருக்காது என்பதால் நான் இதைச் சொல்லியாக வேண்டும். அதே ஆற்றில், கொடுமணலுக்கு அருகே ஒரத்துப்பாளையம் அணை இருக்கிறது. பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992இல் திறக்கப்பட்ட அந்த அணையில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் தேங்கியது. கீழே இருந்த ஊர்களின் கிணறுகள் உப்பேறின. தென்னைகள் காய்ந்தன. மாடு அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் முகத்தைத் திருப்பியதைக் கண்ட குடும்பங்கள் எங்கள் உறவிலேயே உண்டு. விவசாயிகள் நீதிமன்றத்தில் நெடுங்காலம் போராடிய பிறகு, 2011 ஜனவரியில் கழிவை முழுவதும் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவுநீரை வெளியேற்றாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறை அதன்பின் கட்டாயமாக நடைமுறைக்கு வந்தது. நிலைமை முன்னைவிட மேம்பட்டது என்றாலும், அணை கட்டப்பட்ட நோக்கம் நிறைவேறவில்லை.

அமைதியான ஊர் என்று கேட்டு வருகிறவர்கள், சில ஊர்கள் ஏன் அமைதியாக இருக்கின்றன என்பதையும் கேட்டுச் செல்ல வேண்டும். நொய்யல் கரையில் சில தோட்டங்களில் ஆள் நடமாட்டம் இல்லாததற்கு இந்த ஆற்றின் கதை ஒரு காரணம். மகனிடம் ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய பெருமையைச் சொல்லும்போது, கடந்த முப்பது ஆண்டுகளில் நடந்ததையும் சேர்த்தே சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அப்பாவுக்கு ஏற்ற இடம் ஒன்றும் சொல்கிறேன். ஈரோட்டிலிருந்து சென்னிமலை வரும் வழியில் வெள்ளோடு பறவைகள் காப்பிடம் இருக்கிறது. ஏறத்தாழ 77 எக்டேர் பரப்புள்ள இந்த ஏரி 2022இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. கார்த்திகை தொடங்கி மாசி, பங்குனி வரை பறவைகள் மிகுதியாக இருக்கும். கரையில் மெதுவாக நடந்தாலே போதும். காலையில் சீக்கிரமாகவோ பொழுது சாயும் நேரத்திலோ செல்லுங்கள்.

தமிழாசிரியர் (ஓய்வு)

பெருந்துறை அம்மையார் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். மூன்று இடங்கள் வேண்டாம், ஒன்று போதும் என்ற தம்பியின் சொல்லையும் ஒருவாறு ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒன்று கொடுமணலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை. அதற்குக் காரணத்தையும் சொல்கிறேன். காங்கயத்துக்கு அருகிலுள்ள படியூரில் கிடைத்த பச்சைக்கல் கொடுமணலில் பட்டை தீட்டப்பட்டு மணியாயிற்று. அந்தக் கல்லை 19ஆம் நூற்றாண்டிலும் ஆங்கிலேயர் படியூரில் வெட்டி எடுத்தனர். மணி செய்தவர்களும், இரும்பு உருக்கியவர்களும், நெய்தவர்களும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்த ஊர் அது. அகழாய்வில் நூல் நூற்கும் தக்களிகளும் கிடைத்திருக்கின்றன. காலையில் தறிக்கூடத்தைப் பார்த்த பையன் மாலையில் கொடுமணலில் நின்றால், இந்த நிலத்தின் மக்கள் கைத்தொழிலால் வாழ்ந்தவர்கள் என்பதைப் பாடநூல் இல்லாமலே உணர்வான். போவதற்கு முன்பு தொல்லியல் துறை வெளியிட்ட கொடுமணல் நூல்களில் ஒன்றைப் படிக்கச் செய்யுங்கள்.

சென்னை வாசகி

இவ்வளவு பரிவோடு எழுதிய அனைவருக்கும் நன்றி. அப்பாவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். சென்னிமலையிலேயே தங்குவது என்று முடிவு செய்திருக்கிறோம். முதல் நாள் காலையில் மகன் படியேறட்டும், நாங்கள் காரில் மேலே செல்கிறோம். பிறகு தறித் தெருக்கள். மாலையில் வெள்ளோடு. இரண்டாம் நாள் கொடுமணலும் அணையும், அங்கிருந்து காங்கயம் பக்கம் கொறங்காடு. அறச்சலூரையும் விசயமங்கலத்தையும் இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்கிறோம்.

இன்னும் இரண்டு கேள்விகள். சாப்பாட்டுக்கு என்ன செய்வது? முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுத் தறியைப் பார்க்கக் கேட்பது முறையாகுமா? அவர்களுக்கு ஏதேனும் கொடுக்க வேண்டுமா?

காங்கயம் வட்டத்து விவசாயி

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம் அம்மணி. மெஸ்களில் மதியச் சாப்பாடு கிடைக்கும். அரிசிம்பருப்புச் சோறு எங்காவது கிடைத்தால் விடாதீர்கள். துவரம்பருப்பும் அரிசியும் சின்ன வெங்காயமும் பூண்டும் சேர்த்து ஒரே பாத்திரத்தில் வேகவைத்து, சூட்டோடு நெய்யோ ஊத்துக்குளி வெண்ணெயோ விட்டுச் சாப்பிடுவது. மழைக்காலமாக இருப்பதால் கொள்ளுப் பருப்பும் செலவு ரசமும் (மசாலாப் பொருள்கள் சேர்த்த ரசமும்) அப்பாவுக்கு நன்றாக இருக்கும். எங்கள் பக்கம் வரும்போது காங்கயத்துச் செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெயும், கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை கிடைத்தால் அதையும் வாங்கிச் செல்லுங்கள். பழநிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகும் சர்க்கரை அது.

சென்னிமலை நெசவாளர் மகன்

அக்கா, தறி பார்ப்பது பற்றி நான் சொல்கிறேன். வாசலில் நின்று, “தறி பார்க்கலாமுங்களா?” என்று கேட்டால் பெரும்பாலும் உள்ளே அழைப்பார்கள். காலை பத்து மணிக்கு மேல் செல்லுங்கள். வாரக் கடைசியில் துணியை அறுத்துக் கணக்குக் கொடுக்கும் நேரமாக இருந்தால் அவர்களுக்குப் பேச நேரமிருக்காது. கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். பாவின் மீது கை வைக்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிவையுங்கள். விரல் பட்டு ஓரிழை அறுந்தாலும் அதைப் பிணைக்க அவர்களுக்கு நேரம் செலவாகும். ஒருநாள் கூலி என்பது அன்று நெய்த அளவுதான்.

கையில் பணம் கொடுக்க முயலாதீர்கள், மனம் வருந்துவார்கள். காப்பி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாமல் குடித்துவிடுங்கள். உதவ வேண்டும் என்று தோன்றினால், கூட்டுறவு நெசவாளர் சங்கக் கடையில் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, ரசீது போட்டு ஒரு போர்வை வாங்குங்கள். கடைவீதியில் சென்னிமலைப் போர்வை என்ற பெயரில் விற்பதெல்லாம் கைத்தறி அல்ல, எங்கள் ஊரில் நெய்ததும் அல்ல. விலை குறைவாக இருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். எங்கள் தெருவுக்கே வருவதாக இருந்தால் தனிச்செய்தியில் தேதியைச் சொல்லுங்கள். அந்த வாரம் எங்கள் தறியில் பாவு ஏறியிருக்குமா என்று அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.